பகிடியைக் கடதாசிக்குக் கொண்டுவருதல்: வன்னிப் பெண்கள் நகைச்சுவை, இலக்கியச் சஞ்சிகை நடத்துவதற்கான முழுமையான வழிகாட்டி

வன்னியில் பெண்கள் பகிடி எழுதுவதில்லை என்று சொல்பவர்கள், நுண்கடன் தவணை வாங்க வந்தவர் திண்ணையில் குந்தியிருக்கும்போது குசினிக்குள் நடக்கும் பேச்சை ஒருநாளும் கேட்டிருக்க மாட்டார்கள். தவணைப் பணம் இல்லாத ஒருத்தியும் அவளுக்குக் குழுப்பிணை நின்ற நால்வரும், கொடுப்புக்குள் சிரித்தபடி, வந்திருப்பவரின் சப்பாத்திலிருந்து கணக்குப் புத்தகம் வரைக்கும் ஒவ்வொன்றாக உரித்துப் போடுவார்கள். அவர் தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்பும்போது, ஒன்றும் அறியாதவர்கள் போலப் படலை வரைக்கும் வந்து, "போட்டு வாங்கோ தம்பி" என்று வழியனுப்பியும் வைப்பார்கள். அந்தப் பேச்சு கடதாசிக்கு வந்து சேர்வதில்லை. எழுத உட்கார்ந்ததும் அதே பெண்கள் "பெண்ணே எழுந்திரு" என்று கவிதை எழுதத் தொடங்கிவிடுகிறார்கள்.

கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் இடைப்பட்ட ஒரு கிராமத்தில், நாங்கள் சிலர் ஆண்டுக்கு இரண்டு முறை ஒரு சிறு சஞ்சிகையைக் கொண்டுவருகிறோம். யாருடைய நிதியும் இல்லை, யாருடைய சின்னமும் அட்டையில் இல்லை. நாங்கள் விட்ட பிழைகளை மற்றவர்களும் முதலிலிருந்து விடவேண்டியதில்லை என்பதற்காக, தொடக்கத்திலிருந்து செய்யவேண்டியவற்றை இங்கே ஒழுங்காக எழுதுகிறேன்.

முதற்படி: சிரிப்பு யாரைப் பார்க்கிறது என்று தீர்மானித்தல்

ஆட்களைச் சேர்ப்பதற்கும் பெயர் வைப்பதற்கும் முன்னர், தொடங்க நினைக்கும் இரண்டு மூன்று பேர் இருந்து பேசி முடிக்கவேண்டிய விடயம் இது. தமிழில் பெண்களைப் பற்றிய பகிடிக்குப் பஞ்சமில்லை. கணவனின் சட்டைப் பையைத் தடவும் மனைவியும், மருமகளுடன் மல்லுக்கட்டும் மாமியும், நகைக்கடைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட பெண்ணும் பட்டிமன்றத்திலிருந்து கலியாண வீட்டு ஒலிபெருக்கி வரைக்கும் அலுக்காமல் வந்துகொண்டேயிருக்கிறார்கள். பெண்களே எழுதினாலும், கை பழகிய பாதையில் போய் இவர்களைத்தான் முதலில் அழைத்துவரும். எங்கள் முதற் கூட்டத்துக்கு வந்த பதினொரு துண்டுகளில் ஏழு, மாமியைப் பற்றியவை.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், எட்டு மெய்ப்பாடுகளில் நகையை முதலில் வைத்து, அது எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கிலிருந்து பிறக்கும் என்கிறது. இந்த நான்கு சொற்களையும் ஒரு மட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டிவைத்து, கையில் உள்ள துண்டுகளை அவற்றின் கீழ் பிரித்துப் பாருங்கள். நாங்கள் பிரித்தபோது, பெண்கள் எல்லாரும் பேதைமைக்கும் மடனுக்கும் கீழே கிடந்தார்கள். எள்ளுகின்ற இடத்தில் நின்றவர் ஒவ்வொரு துண்டிலும் ஆண்தான், அந்தத் துண்டை எழுதியவள் பெண்ணாக இருந்தபோதிலும்.

இதை மாற்றுவதற்கு வெளிநாட்டு முன்மாதிரியைத் தேடவேண்டியதில்லை. புறநானூற்றின் 95ஆம் பாட்டில், அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஒளவையார், அவன் பெருமையோடு காட்டிய ஆயுதசாலையைப் பார்த்து, இங்கே இருப்பவை மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பட்டு, காவல் உள்ள மனையில் இருக்கின்றன என்கிறார். அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். புகழ்வது போன்ற குரலில் ஓர் அரசனின் முகத்துக்கு நேரே, அவனுடைய மாளிகைக்குள் நின்றுகொண்டே, உன் ஆயுதம் ஒருநாளும் சண்டையைக் காணவில்லை என்று சொல்லிவிட்டு வருகிறார். ஒரு வசைச்சொல்லும் இல்லை. எங்கள் குழுவுக்குப் புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் நான் முதலில் வாசித்துக் காட்டுவது இந்தப் பாட்டைத்தான்.

இன்னும் கிட்டவே வேண்டுமானால், குமுளமுனைப் பக்கத்தில் ஒப்பாரியாக வழங்கும் அரியாத்தையின் கதை இருக்கிறது. மதம்கொண்ட யானையைப் பிடிக்க ஆளில்லாதபோது, அரியாத்தையின் புருசன் வேலப்பணிக்கனைச் சீண்டுவதற்காக "அவன்ரை பெண்சாதி பிடிப்பாள்" என்று ஆரோ பகிடி விட்டார்கள் என்றும், அவள் உண்மையிலேயே போய்ப் பிடித்துக் கட்டிவந்தாள் என்றும், பொறாமைக்காரர் வெற்றிலையில் நஞ்சு வைத்து அவளைக் கொன்றார்கள் என்றும் என் அம்மம்மா சொல்லுவார். அம்மம்மா யானையைப் பிடித்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு, பகிடி விட்டவரின் முகம் எப்படிப் போயிருக்கும் என்பதை நடித்துக் காட்டுவார். கோடாலிக் காம்பு முறிந்தவன் போல ஒரு முகம். மூலக் கதையில் இல்லாத அந்த முகத்தைச் சேர்த்தவர் அம்மம்மா. நாங்கள் செய்யவேண்டிய வேலையும் அதுதான்: பகிடி விட்டவரின் பக்கம் விளக்கைத் திருப்புவது.

நடைமுறையில் ஒவ்வொரு துண்டுக்கும் நாங்கள் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று. இதை வாசித்து முடித்ததும் வெட்கப்படவேண்டியவர் யார்? ஏற்கெனவே வெட்கத்தைச் சுமந்துகொண்டு திரிபவர் என்றால் அந்தத் துண்டைத் திரும்ப எழுதவேண்டும். மாமியைப் பற்றிய ஏழு துண்டுகளுக்கும் இந்தக் கேள்வியைக் கேட்டபோது, ஏழிலும் ஓர் ஆள் எழுதப்படாமல் இருப்பது தெரிந்தது. குசினிக்குள் இரண்டு பெண்கள் சண்டை பிடிக்க, வெளியில் கதிரையில் இருந்துகொண்டு சோறு எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கும் மகன் அவர். ஏழையும் கிழித்துவிட்டு, அவர் தனக்குத்தானே பேசுவதாக ஒன்றரைப் பக்கம் எழுதினோம். முதல் இதழில் ஆண்கள்கூட வாய்விட்டுச் சிரித்த துண்டு அதுதான். தங்களை அல்ல, பக்கத்து வீட்டுக்காரரை எழுதியிருக்கிறோம் என்று ஒவ்வொருவரும் நம்பினார்கள்.

இரண்டாம் படி: ஆட்களும் நேரமும்

ஆறு பேர் போதும், எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். எட்டைத் தாண்டினால் கூட்டம் சங்கமாகி, தலைவி, செயலாளர், பொருளாளர் தெரிவுக்கே முதல் மாதம் போய்விடும். வயதில் கலந்திருப்பது அவசியம். எழுத்து வராத ஓர் ஆச்சி கட்டாயம் இருக்கவேண்டும். அவர் சொல்லுவார், வேறொருத்தி எழுதுவாள். எங்கள் குழுவில் நகைச்சுவை உணர்வு மிகக் கூடியவருக்குக் கையெழுத்துப் போட மட்டுமே தெரியும்.

இடத்துக்கு முன்பள்ளிக் கட்டடம் நல்லது, பொதுநோக்கு மண்டபம் அவ்வளவு நல்லதல்ல. மண்டபத்தில் கூடினால், என்ன கூட்டம், எவ்வளவு தருகிறார்கள் என்று விசாரிக்க ஆட்கள் வந்துவிடுவார்கள். நேரத்தை வயல்தான் தீர்மானிக்கும். காலபோக விதைப்பு நடக்கும் புரட்டாதி, ஐப்பசியிலும், அரிவு வெட்டு நடக்கும் தை, மாசியிலும் யாரும் வரமாட்டார்கள். வந்தாலும் நித்திரைதான் கொள்ளுவார்கள். இரணைமடுக்குளத்தின் கீழ் சிறுபோகம் செய்யும் குடும்பங்களுக்கு வேறு கணக்கு. ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மட்டுமே கிடைக்கும். ஆகவே முதலில் ஓர் ஆண்டு நாட்காட்டியை விரித்து வைத்து, இரண்டு இதழ்களுக்கும் உரிய கூட்டங்களைப் பங்குனி, சித்திரையிலும் ஆடி, ஆவணியிலும் குறித்துவிடுங்கள்.

யாரைச் சேர்க்கிறோம் என்பதில் இன்னொரு விடயம் உண்டு. இதை மெல்லமாகத் தொட்டுவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. 1977ஆம், 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பங்கள் எங்களைச் சுற்றி நிறைய உள்ளன. அவர்களுடைய பேச்சு வழக்கைப் போலச் செய்து சிரிப்பது, எங்கள் ஊர்ப் பகிடிகளில் மிக மலிவானதும் மிகப் பழையதும் ஆகும். அதற்குப் பின்னால் சாதியும் காணியும் நிற்கின்றன. அப்படியொரு துண்டு எங்களுக்கும் வந்தது. எழுதியவள் கெட்டவள் அல்ல, சின்ன வயதிலிருந்து கேட்டதை எழுதியிருந்தாள். அதே குடியேற்றத்திலிருந்து வந்த அக்கா ஒருவர் அன்று கூட்டத்தில் இருந்ததால், நாங்கள் விளக்கம் எதுவும் சொல்லவேண்டி வரவில்லை. அவர் கேட்டது இவ்வளவுதான்: "தங்கச்சி, நீங்கள் என்னை மாதிரிக் கதைக்கிறியளோ, இல்லாட்டி எங்களை மாதிரிக் கதைக்கிற உங்கடை ஆக்களை மாதிரிக் கதைக்கிறியளோ?" அந்தக் கேள்வியையே அடுத்த இதழில் ஒரு துண்டாகப் போட்டோம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, நெடுங்காலத்தின் பின் மன்னாருக்கும் முல்லைத்தீவுக்கும் திரும்பிய முஸ்லிம் குடும்பங்களின் பெண்களைச் சேர்க்கும்போதும் இதே கவனம் வேண்டும். மேசையில் ஒருவர் இருக்கும்போது சொல்ல முடியாத பகிடியை, அவர் இல்லாத இதழிலும் போடக்கூடாது.

மூன்றாம் படி: கொப்பியோடு திரிதல்

"ஒரு பகிடி சொல்லுங்கோ" என்று கேட்டால் ஒருவரும் சொல்லமாட்டார்கள், அல்லது வட்ஸ்அப்பில் வந்ததைச் சொல்லுவார்கள். பகிடி வேலையோடு ஒட்டிக்கொண்டு வருவது. நெல்லுப் புடைக்கும் இடம், கிணற்றடி, கிளினிக் வாங்கு, கடன் குழுக் கூட்டம், பஸ் தரிப்பிடம், செத்த வீட்டின் எட்டாம் நாள் ஆகிய இடங்களில் காதை வைத்திருங்கள். ஆளுக்கொரு நாற்பது பக்கக் கொப்பி போதும். கேட்டதை அன்றிரவே, கேட்ட சொற்களிலேயே எழுதிவிடவேண்டும். விடிந்தால் அது எழுத்துத் தமிழாக மாறிவிடும். தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்வதை நாங்கள் விட்டுவிட்டோம். பதிவு நடக்கிறது என்று தெரிந்ததும் எல்லாரும் வானொலிக்குப் பேட்டி கொடுப்பது போலப் பேசத் தொடங்குகிறார்கள், தெரியாமல் பதிவது நம்பிக்கைத் துரோகம்.

கொப்பியில் மூன்று விடயங்கள் இருக்கவேண்டும்: சொன்ன வசனம், அதற்கு முதல் மற்றவர் சொன்ன வசனம், அப்போது கைகள் என்ன செய்துகொண்டிருந்தன என்பது. மூன்றாவதைப் பலரும் எழுத மறந்துவிடுவார்கள். சுளகை நிறுத்தாமல் சொன்ன வசனமும், சுளகை நிறுத்திவிட்டுச் சொன்ன வசனமும் ஒன்றல்ல. பின்னர், சொன்னவரிடம் போய், இதை எழுதலாமா என்று கேட்கவேண்டும். பெரும்பாலும் "எழுதுங்கோ, ஆனால் என்ரை பேரைப் போடாதையுங்கோ" என்ற பதில்தான் வரும். வேண்டாம் என்று சொன்னால் அந்தப் பக்கத்தை அவர் முன்னாலேயே கிழித்துக் கொடுத்துவிடுங்கள். அடுத்த மாதம் அவரே வேறொன்றைக் கொண்டுவருவார்.

நான்காம் படி: எழுதுதல்

இந்த வழிகாட்டியில் நீண்ட பகுதி இதுதான், ஏனெனில் பெரும்பாலான பகிடிகள் இங்கேதான் சாகின்றன. ஓர் உதாரணத்தைக் கிட்ட வைத்துப் பார்ப்போம். சில ஆண்டுகளுக்கு முன், ஓர் அலுவலகத்தில் வீட்டுத்திட்டப் படிவம் நிரப்பப் போனபோது, எனக்கும் மேசைக்கு மற்றப்பக்கம் இருந்தவருக்கும் நடந்த உரையாடல் அது. நான் எழுதிய முதல் வரைவு பின்வருமாறு இருந்தது:

"பெண்கள் குடும்பத் தலைவராக இருக்க முடியாது என்ற ஆணாதிக்க மனப்பான்மை கொண்ட அலுவலர் ஒருவர், 'ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ?' என ஏளனமாக வினவினார். அவருக்குத் தக்க பாடம் புகட்ட நினைத்த நான், வீட்டில் ஒரு சேவல் நிற்பதாக நகைச்சுவையாகக் கூறினேன். அங்கிருந்த அனைவரும் கொல்லென்று சிரித்தனர்."

குழுவில் வாசித்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. அலுவலர் எப்படிப்பட்டவர் என்பதை வாசகருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டேன். நான் சொல்லப்போவது நகைச்சுவை என்று அறிவித்தேன். போதாக்குறைக்கு, சிரிக்கவேண்டிய வேலையையும் "அனைவரும்" செய்து முடித்துவிட்டார்கள். வாசகருக்கு மிச்சம் ஒன்றும் இல்லை. ஐந்தாவது வரைவு இது:

"குடும்பத் தலைவர் ஆர்?"
"நான்தான் ஐயா."
"ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ?"
"ஒரு சேவல் நிக்குது. அடையாள அட்டைதான் இன்னும் எடுக்கேல்லை."
அவர் படிவத்தைப் பார்த்தார். பேனையை மூடாமலே, "சேவலுக்கு வயது என்ன?" என்று கேட்டார்.

உண்மையில் நடந்தது சேவலோடு முடிந்துவிட்டது. கடைசி வரியைக் கூட்டத்தில் எங்களில் இளையவள் சேர்த்தாள். அதைச் சேர்த்ததும் பகிடி அந்த மனிதரை விட்டுவிட்டு, ஒரு வெற்றுக் கட்டத்தை எதைக் கொண்டாவது நிரப்பச் சொல்லும் படிவத்தின் மேல் போய் விழுந்தது. அவர் கெட்டவரும் அல்ல. அவருக்கும் அந்தக் கட்டம் நிரம்பவேண்டும். இப்படியான ஒரு வரிக்காகத்தான் ஐந்து வரைவுகள்.

உரைநடைப் பகுதியை எழுத்துத் தமிழிலும், பேச்சை எங்கள் பேச்சிலும் எழுதுவது எங்கள் வழக்கம். பேச்சை எழுதும்போது எல்லாரையும் ஒரே மாதிரிப் பேசவைத்துவிடாதீர்கள். மல்லாவி ஆச்சியும், மன்னாரிலிருந்து கலியாணம் முடித்து வந்தவளும், கொழும்பில் இரண்டு வருடம் வேலை செய்துவிட்டு வந்த பிள்ளையும் ஒருவரையொருவர் பகிடி பண்ணுவதே அந்த வித்தியாசங்களை வைத்துத்தான். மனைவி கணவனை "இஞ்சேருங்கோ" என்று அழைக்கும் ஒரு சொல்லுக்குள், பாசம், கோபம், காசு கேட்கப்போகும் முன்னறிவிப்பு என ஏழெட்டுத் தொனிகள் இருக்கின்றன. எங்கள் சஞ்சிகையில் ஒரு முழுத் துண்டு அந்த ஒற்றைச் சொல்லால் மட்டும் எழுதப்பட்டது.

வடிவத்தைப் பொறுத்தவரை, ஏற்கெனவே எல்லாருக்கும் தெரிந்த ஒரு சட்டகத்தை எடுத்து, அதற்குள் பொருந்தாத ஒன்றை வைப்பது தொடக்கக்காரருக்கு இலகுவானது. நொடி (விடுகதை), சமையற் குறிப்பு, மணமகன் தேவை விளம்பரம், அந்தியேட்டி அழைப்பிதழ், அரச சுற்றறிக்கை ஆகியவை எல்லாம் பயன்படும். வன்னிக்கே உரிய சட்டகமொன்று, 2009இன் பின் எங்களை வந்து மூடிய செயற்றிட்ட மொழி. பயனாளி, வலுவூட்டல், வாழ்வாதாரம், பெண் தலைமைத்துவக் குடும்பம், நிலைபேறு என்ற சொற்கள் ஆட்டுக்குட்டியோடும் கோழிக்கூட்டோடும் வந்து இறங்கி, ஆடு செத்த பின்னும் இங்கேயே தங்கிவிட்டன. அந்த மொழியை அதன் சொந்தக்காரர் இல்லாத இடத்தில் பாவித்துப் பார்த்தோம்:

"செயற்றிட்டம்: கணவரை வலுவூட்டல். பயனாளி: ஆண், வயது 43. ஆரம்பநிலை மதிப்பீடு: பயனாளிக்குத் தேத்தண்ணி குடிக்கத் தெரியும், சீனிப் போத்தல் இருக்கும் இடம் தெரியாது. முதலாம் காலாண்டு: சீனிப் போத்தல் பயனாளிக்கு அடையாளம் காட்டப்பட்டது, நிழற்படம் எடுக்கப்பட்டது. இரண்டாம் காலாண்டு: பயனாளி எவருடைய உதவியுமின்றிப் போத்தலைத் திறந்தார். மூடவில்லை. இடர்: எறும்பு. நிலைபேறு: நிதி வழங்குநர் தாய்வீட்டுக்குச் சென்று மூன்றாம் நாள், பயனாளி தங்கச்சி வீட்டில் சாப்பிடுவதாகக் கள அறிக்கை தெரிவிக்கிறது."

இதில் "சவால்கள்: பயனாளியின் தாயார்" என்றொரு வரி இருந்தது. அதற்கு எல்லாரும் சிரித்தோம், பிறகு சுவரில் இருந்த மட்டையைப் பார்த்தோம், வெட்டிவிட்டோம். இன்றைக்கும் அந்த வரியை நினைத்துக் கவலைப்படுபவர்கள் குழுவில் இருக்கிறார்கள், நானும் ஒருத்தி.

ஐந்தாம் படி: சிரிப்பு நிற்கவேண்டிய இடம்

இந்த நிலத்தில் நகைச்சுவைச் சஞ்சிகை நடத்துபவர்கள் இதைத் தாண்டிப் போகமுடியாது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள், கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடங்கிய போராட்டத்தில் இருக்கும் தாய்மாரை நீங்கள் அறிவீர்கள். அவர்களும் சிரிப்பார்கள், பந்தலுக்குள் மணிக்கணக்காக இருப்பவர்கள் வந்து படமெடுத்துவிட்டுப் போகிறவர்களைப் பற்றிச் சொல்லும் கதைகளை, வேறு எங்கும் கேட்கமுடியாது. ஆனால் அந்தச் சிரிப்பு அவர்களுக்குச் சொந்தம். இழந்தவர் தன் இழப்பைச் சுற்றியுள்ள அபத்தத்தை எழுதலாம். அவருடைய இழப்பை இரவல் வாங்கி இன்னொருத்தி எழுதக்கூடாது. இதை நாங்கள் எழுதப்பட்ட விதியாகவே வைத்திருக்கிறோம். குடும்ப வன்முறையும் அப்படித்தான். அடிவாங்கியவள் அடித்தவனைக் கேலி செய்து எழுதினால் போடுவோம். அடியே பகிடியாக வரும் எதையும் போடுவதில்லை.

சில துண்டுகள் பகிடியாகத் தொடங்கி, பாதியில் வேறொன்றாக மாறிவிடும். கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் போய்வரும் பெண்ணொருத்தி, முழங்காலில் இருந்து நிலத்தை அங்குலம் அங்குலமாகத் துடைக்கும் தன்னுடைய வேலையையும், வீட்டுக்கு வந்ததும் "கூட்டினது காணாது" என்று மாமா சொல்வதையும் ஒன்றாக வைத்து எழுதத் தொடங்கினாள். மூன்றாம் பக்கத்தில் அது சிரிப்பைக் கைவிட்டது. அதைப் பகிடியாக மீட்க முயலவேண்டாம். சஞ்சிகையில் கவிதைக்கும் சிறுகதைக்கும் நினைவுக் குறிப்புக்கும் இடம் வைத்திருப்பது இதற்காகத்தான், பக்கத்தை நிரப்புவதற்காக அல்ல.

ஆறாம் படி: செம்மைப்படுத்தலும் பெயர் மறைத்தலும்

ஒவ்வொரு துண்டையும் எழுதியவர் அல்லாத ஒருவர் சத்தமாக வாசிக்கவேண்டும். எழுதியவர் வாசித்தால், தாளில் இல்லாத தொனியைத் தன் குரலால் போட்டுவிடுவார். கேட்பவர்கள் சிரித்த இடத்தில் ஒரு புள்ளி, முகம் சுழித்த இடத்தில் ஒரு பெருக்கற்குறி, ஒன்றும் நடக்காத இடத்தில் ஒரு கோடு என்று தாளின் ஓரத்தில் போட்டுவந்தால், எங்கே வெட்டுவது என்பதைத் தாளே சொல்லும்.

சின்ன ஊரில் புனைபெயர் மட்டும் போதாது. பெயரை மாற்றி, சிவலைப் பசுவையும் கிணற்றடி மாமரத்தையும் அப்படியே விட்டால், பஸ் தரிப்பிடத்தில் ஐந்து நிமிடத்தில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். எங்களுக்கு அது நடந்தது. ஒரு குடும்பத்தில் மூன்று மாதம் கதை பேச்சு இல்லாமற் போனது, அதற்கு நாங்களே காரணம். அதன்பின் பசுவை ஆடாக்கி, மாமரத்தை முருங்கையாக்கி, இரண்டு வீடுகளில் நடந்ததை ஒரு வீட்டில் நடந்ததாக்கி எழுதுகிறோம். எந்தப் புனைபெயர் யாருடையது என்ற விபரம் ஒருவரிடம் மட்டுமே இருக்கும், அதுவும் தலையில்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. இலங்கையில் அவதூறு 2002இலிருந்து குற்றவியற் குற்றம் அல்ல, ஆனால் குடியியல் வழக்குப் போடலாம். ஆகவே அடையாளம் காணத்தக்க தனியாளைப் பற்றிப் பொய்யான ஒன்றைப் பகிடியாகக்கூட எழுதவேண்டாம். மதத்தைத் தொடும் துண்டுகளில் இன்னும் கவனம் வேண்டும்: மேடை நகைச்சுவையாளர் நடாஷா எதிரிசூரிய, தன் நிகழ்ச்சியில் கூறியவற்றுக்காக 2023 மே மாதம், குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் தொடர்பான 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கைதாகி, யூலையில்தான் பிணையில் வந்தார். அச்சில் வந்த பக்கத்தை யாரேனும் படமெடுத்து முகநூலில் போட்டால், 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் உள்ளே வந்துவிடும். பயந்து எழுதாமல் இருப்பதற்காக இதைச் சொல்லவில்லை. எதைத் தெரிந்துகொண்டு எழுதுகிறோம் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஏழாம் படி: அச்சு

முதல் இதழைப் போட்டோக் கொப்பியிலேயே செய்யுங்கள். ஏ4 தாளை நடுவில் மடித்துத் தைத்தால் ஒரு தாளுக்கு நான்கு பக்கங்கள் வரும். ஆகவே பக்க எண்ணிக்கை நான்கால் பிரிபடவேண்டும். பதினாறு பக்கத்துக்கு நான்கு தாள், முப்பத்திரண்டுக்கு எட்டு. இதை மறந்து பதினெட்டுப் பக்கம் தயாரித்தால், கடைசியில் இரண்டு வெற்றுப் பக்கத்துக்குக் கோலம் கீறவேண்டி வரும். நாங்கள் கீறினோம்.

அச்சகத்துக்குப் போனால் முதல் தலையிடி எழுத்துரு. தொலைபேசியில் நாம் தட்டுவது யூனிகோட், பல அச்சகங்களில் இன்னும் பாமினி என்னும் பழைய எழுத்துரு. மாற்றியில் போட்டு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும், மேற்கோள் குறிகள் வேறு எழுத்தாகிவிடும். பகிடிக்கு ஓர் எழுத்துப் பிழை போதும், உயிர் போய்விடும். எங்கள் சேவலுக்கு ஒருமுறை "வயிறு என்ன" என்று வந்துவிட்டது. ஆகவே யூனிகோட்டை நேரடியாக ஏற்கும் அச்சகத்தைத் தேடுங்கள். இல்லையென்றால், மாற்றிய பின் மெய்ப்பைத் தாளில் எடுத்து இரண்டு பேர் பார்க்கவேண்டும், ஒருவர் வாசிக்க மற்றவர் மூலத்தோடு ஒப்பிடவேண்டும். விலை கேட்கும்போது நூறு பிரதிக்கும் முந்நூறு பிரதிக்கும் சேர்த்துக் கேளுங்கள், ஆனால் வித்தியாசத்தில் மயங்கி முந்நூறு அடிக்காதீர்கள்.

இதழ்களில் வந்தவற்றைப் பின்னர் நூலாகத் தொகுத்தால், கொழும்பிலுள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் நூலுக்கான சர்வதேச நியம எண்ணைப் பெறலாம். தொகுப்பு என்பது சின்ன விடயமல்ல. யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் 1986இல் வெளியிட்ட 'சொல்லாத சேதிகள்' ஒரு மெல்லிய கவிதைத் தொகுப்புத்தான். ஈழத்துப் பெண்களின் எழுத்தைப் பற்றிப் பேசுபவர்கள் இன்றும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

எட்டாம் படி: கொண்டுபோய்ச் சேர்த்தல்

வெளியீட்டு விழா வைக்கவேண்டாம். பிரதம விருந்தினர் வேண்டும், அவருக்கு மாலை வேண்டும், அவர் பெண்கள் நாட்டின் கண்கள் என்று முக்கால் மணிநேரம் பேசுவார். அதற்குப் பதிலாக ஒரு வீட்டு முற்றத்தில் பாய் விரித்து, நான்கு துண்டுகளை வாசித்துவிட்டு, கேட்டவர்களுக்கு விற்றுவிடுங்கள். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்கு முந்திய வாரங்களில் வெளியூரிலிருந்து உறவினர் வந்திருப்பார்கள், அப்போது கையிலிருப்பது போகும். கிளினிக்கிலும் சிகை அலங்கார நிலையத்திலும் ஒவ்வொரு பிரதி வையுங்கள். காத்திருக்கும் பெண்களைப் போல ஆறுதலாக வாசிப்பவர்கள் வேறு இல்லை.

முறைப்பாடுகள் வரும். "குடும்பங்களைக் குழப்பினம்" என்று ஒரு கடிதம், எங்களுக்கு எழுத்துப் பிழைகளோடு வந்தது. நாங்கள் பிழைகளைத் திருத்தி, அவர் விரும்பியபடியே பெயரில்லாமல், அடுத்த இதழின் முதற் பக்கத்தில் போட்டோம். அதன்பின் அவர் ஒவ்வொரு இதழையும் வாங்குகிறார் என்று கடைக்காரர் சொல்கிறார்.

இறுதியாக, ஒவ்வொரு இதழிலும் ஐந்து பிரதிகளை விற்காமல் ஒதுக்குங்கள். ஈழத்து எழுத்துகளை 2005இலிருந்து எண்ணிம வடிவில் சேகரித்துவரும் நூலகம் நிறுவனத்துக்கு ஒன்றை அனுப்புங்கள், பிரதேச சபை நூலகத்துக்கு ஒன்றைக் கொடுங்கள், மிகுதியை மூடியுள்ள தகர டிரங்குப் பெட்டிக்குள், நிலத்தில் படாமல் கல்லின் மேல் வையுங்கள். நாங்கள் கடதாசிப் பெட்டியில் வைத்தோம். எங்கள் முதலாவது இதழை, அட்டையிலிருந்து கடைசிப் பக்கக் கோலம் வரைக்கும், ஒரு சொல்லும் விடாமல் முடித்தது கறையான்தான்.